காலேஜ் விண்ணப்பத்துக்குச் சொந்தக் கட்டுரை: மதுரைப் பக்கத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் ஆங்கில ஆசிரியை. வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கோ, கட்டுரை கேட்கிற நம் நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களுக்கோ விண்ணப்பிக்கும் +2 பிள்ளைகளோடு சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து அவர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். பெற்றோரும், சக ஆசிரியர்களும், தம்பி தங்கைக்கு உதவ நினைக்கிற அண்ணன் அக்காக்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அவர்களைக் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.

மார்க் இருந்தால் சீட் கிடைக்கும். கட்டுரை எதற்கு?

நம்ம ஊரைப் பொறுத்தவரை நியாயமான கேள்விதான். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். மருத்துவத்துக்கு நீட். பிள்ளை எப்படிப்பட்டவன், எதைப் பார்த்து யோசிக்கிறான் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான நல்ல கல்லூரிகளில் முறையே வேறு. ஒரே மாதிரி மார்க் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் விண்ணப்பிக்கிறார்கள். அதில் யாரை எடுப்பது என்று முடிவு செய்ய மார்க், ஆசிரியர் கடிதம், வெளிச் செயல்பாடுகள் இவற்றோடு கட்டுரையையும் படிக்கிறார்கள். ஹரியானாவில் உள்ள அசோகா பல்கலைக்கழகம் மாதிரி நம் நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவும் எழுத்தையும் நேர்காணலையும் சேர்த்துப் பார்க்கின்றன.

சிக்கல் என்னவென்றால், நம் பிள்ளைகளிடம் 17 வயது வரைக்கும் யாருமே ‘உன்னைப் பற்றிச் சொல்லு’ என்று கேட்டதில்லை. கேட்டதும் திகைத்துவிடுகிறார்கள். அந்தத் திகைப்பைப் போக்குவதுதான் உதவுகிறவரின் முதல் வேலை. இங்கிலீஷ் அதற்கு அப்புறம்தான்.

எங்கே, எவ்வளவு எழுத வேண்டும்?

அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம். கட்டுரை 250 வார்த்தைக்குக் குறையக் கூடாது, 650ஐத் தாண்டக் கூடாது. ஏழு தலைப்பு தருகிறார்கள். ஏழாவது, உங்கள் விருப்பத் தலைப்பு. அதனால் தலைப்பைத் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். எழுதி முடித்த பிறகு எந்தத் தலைப்புக்குள் வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இது போக, பல கல்லூரிகள் தனியாகச் சின்னச் சின்னக் கேள்விகளும் கேட்கும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் (University of California) காமன் ஆப்பில் இல்லை. அவர்களுடைய விண்ணப்பமே தனி: எட்டுக் கேள்வியில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 350 வார்த்தை.

பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பம். முன்பு ஒரே நீளக் கட்டுரையாக இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது அதற்கு எப்படி உதவியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து. ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. அங்கே குடும்பக் கதை அவ்வளவாக எடுபடாது, பாடத்தின் மேல் உள்ள பிடிப்பைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவுக்கு எழுதியதை அப்படியே பிரிட்டனுக்கு ஒட்டி அனுப்புவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

என் பையனுக்கு எழுத ஒன்றுமே இல்லை. நாங்கள் சாதாரணக் குடும்பம்.

இதைத்தான் என்னிடம் அதிகம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் கொண்டுவந்த முதல் பிரதி, சிறு வயது முதலே தனக்குச் சமூக சேவையில் ஆர்வம் உண்டு என்று ஆரம்பித்தது. அடுத்த இரண்டு பக்கமும் அதே மாதிரிதான். இங்கிலீஷில் பிழை அதிகம் இல்லை. ஆனால் அதில் அவன் இல்லை.

“சமூக சேவைன்னு எழுதியிருக்கியே, என்னப்பா செஞ்ச?” என்று கேட்டேன்.

“மனு எழுதிக் குடுப்பேன் டீச்சர்.”

“யாருக்கு?”

“எங்க தெருப் பாட்டிங்களுக்கு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுக்குறதுக்கு.”

ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதுகிறானாம். முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்கள், ஆதாரில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் ஒரு மாதிரியும் பெயர் இருப்பவர்கள், ரேஷன் கடை மிஷினில் கைரேகை விழாதவர்கள். இதையெல்லாம் அவன் கட்டுரையில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “இதெல்லாம் எழுதலாமா டீச்சர்?” என்றான்.

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நான் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். மனு எழுத உட்கார்ந்தால் பாட்டி முதலில் பென்ஷனைப் பற்றிப் பேசாதாம். தாத்தா செத்தது, மூத்த மகன் திருப்பூருக்குப் போனது, வீட்டுக் கூரை ஒழுகுவது எல்லாம் சொல்லிவிட்டு, “எல்லாத்தையும் எழுதுடா” என்று சொல்லுமாம். “மனுவுல பொருள்னு ஒரு வரி இருக்கு டீச்சர். அந்த ஒரு வரிக்குத்தான் ரொம்ப நேரம் ஆகும்” என்றான். எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு, பெருவிரலை மை பேடில் வைத்து ரேகை வாங்குவான். எத்தனையோ வருஷம் நாற்று நட்டு, களை எடுத்த விரல். காகிதத்தில் கோடே இல்லாமல் நீலமாக ஒரு வட்டம் மட்டும் விழும். மிஷின் ஏன் அந்த விரலைப் படிக்கவில்லை என்று அதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்ததாம்.

அந்த நீல வட்டத்திலிருந்தே கட்டுரையை ஆரம்பி என்றேன். நான் கொடுத்த யோசனை அது ஒன்றுதான். அவன் விண்ணப்பித்தது கணினி அறிவியலுக்கு. ஏன் அந்தப் படிப்பு என்று தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை.

‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தினமும் செய்வது உங்களுக்குப் பழகிப்போய்விட்டது. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது, தங்கச்சியை டியூஷனுக்குக் கூட்டிப்போவது, அப்பாவின் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, எதில் வேண்டுமானாலும் கட்டுரை இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை போட வேண்டுமா?

வேண்டாம். அந்த வடிவம் பரீட்சைக்கானது. திருத்துகிறவர் எதிர்பார்க்கும் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன என்று காட்டுவதற்காக உண்டானது. இங்கே குறிப்புச் சட்டகம் கிடையாது. முன்னுரையில் தலைவர்களின் பொன்மொழி, முடிவுரையில் நாட்டுக்கு உழைப்பேன் என்ற உறுதிமொழி, இந்த இரண்டையும் எடுத்துவிட்டாலே பாதிக் கட்டுரை தேறிவிடும்.

ஒரு பெண் பிள்ளை, துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடியைப் பற்றி எழுதினாள். அவளுடைய பாட்டி வீட்டில் சுங்குடி முடிச்சுப் போடுகிறவர். முதல் பிரதியில் சுங்குடியின் வரலாறு, சௌராஷ்டிர மக்கள் மதுரைக்கு வந்தது, புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லாம் இருந்தது, பாட்டியைத் தவிர. அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். “பாட்டி முடிச்சுப் போடும்போது நீ எங்கம்மா உட்காந்திருப்ப?” என்று கேட்டேன். எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாளாம். பாட்டி எண்ணுவதில்லை, ஆனாலும் வரிசை தப்புவதில்லை. அது எப்படி என்று சின்ன வயசிலிருந்தே மண்டையைக் குடைந்ததாம். கணக்குப் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டாவது பிரதியில் வரலாறு ஒரு வரியாகச் சுருங்கியது.

தமிழ் மீடியம் பிள்ளை. இங்கிலீஷ் சரியாக வராதே?

முதலில் தமிழில் சொல்லட்டும். எழுதக்கூட வேண்டாம். போனில் ரெக்கார்டு போட்டுவிட்டு, மாமாவிடமோ சித்தியிடமோ கதை சொல்கிற மாதிரி பேசச் சொல்லுங்கள். அப்புறம் அதைக் கேட்டு, நல்ல இடங்களைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளட்டும். கடைசியில்தான் இங்கிலீஷ். இந்த வரிசையில் வந்தால் பிள்ளையின் குரல் தப்பிக்கும். நேரடியாக இங்கிலீஷில் ஆரம்பித்தால், தெரிந்த வார்த்தைக்குள் அடங்குவதை மட்டுமே எழுதுவார்கள். சொல்ல நினைத்தது வெளியே நின்றுவிடும்.

சின்ன வாக்கியங்கள் போதும். கடினமான வார்த்தைகளை அகராதியிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டியதில்லை. படிக்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இங்கிலீஷில் இல்லாத சொற்களைக் கண்டு பயப்படாதீர்கள். முழம் என்பதை முழம் என்றே எழுதி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை என்று சேர்த்தால் போயிற்று. உசிலம்பட்டிப் பெண் ஒருத்தி, பூ விற்கும் தன் அம்மாவின் கை குட்டை என்பதால் பூ வாங்குகிறவர்கள் பக்கத்துக் கடைக்கார அக்காவின் கையால் அளக்கச் சொல்வார்கள் என்று எழுதியிருந்தாள். ‘முழம்’ என்ற சொல்லை மொழிபெயர்த்திருந்தால் அந்த இடமே வந்திருக்காது.

கஷ்டத்தை எழுதினால்தான் சீட் கிடைக்கும் என்கிறார்களே?

இல்லை. இந்தப் பேச்சு பிள்ளைகளுக்கு நிறையக் கெடுதல் செய்கிறது. அப்பா இறந்ததை எழுத விருப்பமில்லாத பிள்ளையை, அதை எழுதினால் இரக்கம் வரும் என்று வற்புறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே எழுதியது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்தத் துக்கத்தை வெளியே எடுப்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு.

பிள்ளையே எழுத விரும்பினால் எழுதலாம். அப்போதும் நடந்த கஷ்டத்தைவிட, அதற்குள் இருந்துகொண்டு அந்தப் பிள்ளை என்ன பார்த்தது, என்ன செய்தது என்பதற்குத்தான் அதிக இடம் வேண்டும்.

அப்பாவுக்கு வேலை போனது, உடம்பு சரியில்லாமல் ஒரு வருடம் மார்க் குறைந்தது மாதிரியான தகவல்களுக்குக் காமன் ஆப்பில் தனி இடமே இருக்கிறது. சவால்களும் சூழ்நிலைகளும் என்ற பகுதி, 250 வார்த்தை. அங்கே நேராகச் சொல்லிவிட்டால் முக்கியக் கட்டுரை வேறு எதையாவது பேசலாம்.

பண உதவி என்பதும் தனிக் கணக்கு. குடும்ப வருமானத்துக்கான படிவங்கள் வேறு, கட்டுரை வேறு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற ஒரு சில கல்லூரிகள்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்கின்றன. மற்ற பல இடங்களில் எவ்வளவு கட்ட முடியும் என்பதும் சேர்க்கையைப் பாதிக்கும். கட்டுரையில் ஏழ்மையை எழுதி அதைச் சரிக்கட்ட முடியாது. கல்லூரிப் பட்டியலைத் தயாரிக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

நான் எவ்வளவு திருத்தலாம்?

ஆரம்பத்தில் நானே இதில் தவறியிருக்கிறேன். ஒரு மாணவியின் கட்டுரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆர்வக் கோளாறில் வாக்கியங்களை எல்லாம் என் இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டேன். ‘நல்லா இருக்கு டீச்சர்’ என்று வாங்கிக்கொண்டு போனாள். நேர்காணலில் அதிலிருந்த ஒரு சொற்றொடரைக் காட்டி, இதை என்ன அர்த்தத்தில் எழுதினாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அது என் வாக்கியம். வெளியே வந்து எனக்கு போன் செய்தபோது அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்கப்புறம் பிள்ளைகளின் தாளில் நான் பேனா வைப்பதில்லை. ‘இந்த இடம் எனக்குப் புரியலை’, ‘இங்கே என்ன சத்தம் கேட்டுச்சு?’, ‘இந்த வரி இல்லாட்டி என்ன போச்சு?’ என்று கேள்வியாக மட்டும் வாயால் சொல்வேன். மாற்றுவது அவர்கள் கை. எழுத்துப்பிழை, காலம் மாறிவிட்ட வினைச்சொல், விட்டுப்போன நிறுத்தக்குறி, இவற்றை மட்டும் கடைசிப் பிரதியில் சுட்டிக்காட்டுகிறேன். ஒரு பள்ளி ஆசிரியர் இவ்வளவு உதவுவது முறையானதே. அதைத் தாண்டினால் அது பிள்ளையின் கட்டுரை ஆகாது.

பெற்றோர் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பிள்ளை காட்டினால் படியுங்கள். படித்துவிட்டு ‘இது நடந்த மாதிரியே இருக்கா’ என்று மட்டும் பாருங்கள்.

காசு கொடுத்தால் எழுதித் தருகிறார்களாம். அல்லது சாட்ஜிபிடியில் கேட்டுக்கொள்ளலாமா?

எழுதி வாங்காதீர்கள். காமன் ஆப்பில் அடுத்தவர் எழுதியதையோ, செயற்கை நுண்ணறிவு எழுதியதையோ தன்னுடையது என்று அனுப்புவது மோசடிக் கணக்கில் வரும். யூகாஸ், வரும் எழுத்தைப் பழைய விண்ணப்பங்களோடு மென்பொருள் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. பிடிபட்டால் பிள்ளையின் பெயர்தான் கெடும், எழுதிக் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது.

பிடிபடாவிட்டாலும் எனக்கு இதில் சம்மதமில்லை. அந்த மனு எழுதும் பையனின் நீல வட்டம் எந்த மிஷினுக்கும் தெரியாது. ‘மதுரை மாணவனின் சமூக சேவை’ என்று கேட்டால் அவனுடைய முதல் பிரதியைத்தான் அது இன்னும் அழகான இங்கிலீஷில் தரும்.

குடும்பச் சண்டை, சாதி, ஊர்ப் பிரச்சினை எழுதலாமா?

எழுதலாம், பிள்ளை நேரில் கண்டதாக இருந்தால். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊர் ஊராகத் திரண்டு, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது நமக்குத் தெரியும். அந்தப் பகுதிப் பிள்ளைக்கு அது எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் போராட்ட வரலாறாக எழுதக் கூடாது. அன்றைக்குத் தன் வீட்டில் யார் யார் கிளம்பினார்கள், வீட்டில் இருந்த ஆட்டை யார் பார்த்துக்கொண்டது என்கிற அளவில் எழுத வேண்டும்.

அடுத்தவர் ரகசியம் வரும் இடத்தில் மட்டும் கவனம். அக்காவின் கல்யாணம் நின்றது, அப்பாவின் குடி, இதெல்லாம் அவர்களுடையதும்கூட. எழுதும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்வேன். கேட்க முடியாத நிலை என்றால் வேறு விஷயம் தேடுவோம்.

டான்ஸ், ஸ்போர்ட்ஸ் எதுவும் கிடையாது. செயல்பாடுகள் பகுதியில் என்ன போடுவது?

காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகள் வரை போடலாம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான். வகைப் பட்டியலிலேயே குடும்பப் பொறுப்புகள் என்று ஒன்று இருக்கிறது. பாட்டியைப் பார்த்துக்கொள்வது, கடையில் நிற்பது, அதிகாலையில் பால் ஊற்றப் போவது எல்லாம் அதில் வரும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்பார்கள். கூச்சப்படாமல் எழுதச் சொல்லுங்கள். எட்டு சர்டிபிகேட்டைவிட இது எடை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

எப்போது தொடங்க வேண்டும்?

+1 முடிந்த கோடை விடுமுறையில். காமன் ஆப் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிதாகத் திறக்கிறது. முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமானதற்கு ஜனவரி முதல் வாரத்தையொட்டி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15. நம் பிள்ளைகளுக்கு இடையில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, அப்புறம் பிராக்டிக்கல், பப்ளிக் எக்ஸாம். அரையாண்டு நடக்கும்போது கட்டுரை எழுத உட்காருவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. முதல் பிரதி ஜூலைக்குள், கடைசிப் பிரதி காலாண்டு லீவுக்குள் என்று வைத்துக்கொண்டால் மூச்சு விடலாம்.

சிபாரிசுக் கடிதம் தர வேண்டிய ஆசிரியர்களிடமும் ஜூலையிலேயே சொல்லிவையுங்கள். நம் பள்ளிகளில் பலருக்கு இது புதிது. நற்சான்றிதழ் மாதிரி நான்கு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்ட ஒரு கேள்வி, செய்த ஒரு காரியம் என்று ஏதாவது ஒன்றை நடந்தபடி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இடம் இல்லை என்றால் புதுநத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்காரலாம். என் பிள்ளைகள் பலர் அங்கேதான் எழுதுகிறார்கள்.

முதல் நாள் உட்கார்ந்தால் என்ன கேட்பது?

‘உன் லட்சியம் என்ன’ என்று கேட்காதீர்கள். மனப்பாடப் பதில்தான் வரும். நேற்று காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்குப் போகிற வரை என்ன நடந்தது என்று கேளுங்கள். வீட்டில் எந்த வேலைக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள்? யாரும் சொல்லாமல் நீயாகவே தெரிந்துகொண்டது ஏதாவது இருக்கிறதா? எதைப் பற்றிப் பேசினால் அம்மா ‘போதும் நிறுத்து’ என்கிறார்? யாரையாவது பற்றி நீ நினைத்தது தப்பு என்று எப்போது தெரிந்தது?

பதில் வந்ததும் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். ‘அப்புறம்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் நாள் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இரண்டாம் நாளும் போகலாம். என் அனுபவத்தில் பெரும்பாலும் பை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் பிள்ளை திரும்பி, “டீச்சர், இது எழுதலாமான்னு தெரியலை...” என்று ஆரம்பிக்கும். அப்போது உங்களுக்கு எவ்வளவு நேரமாகியிருந்தாலும், திரும்ப உட்காரச் சொல்லுங்கள்.